நாய் குழி பறிக்கிறது, கடித்துக் குதறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் விடப்பட்ட குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுப்பவன் நான். குட்டியை வாங்கிப் போனவர்கள் சில வாரம் கழித்து போன் செய்வார்கள். தடுப்பூசி பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "தோட்டத்தைத் தோண்டிப் போட்டுடுச்சு", "சோபாவைக் கிழிச்சுடுச்சு" என்ற புலம்பல்தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அவசரமாக இருந்தாலும் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு உங்கள் கேள்விக்குப் போங்கள்.

குட்டி வந்து ஒரு மாசம்தான் ஆகுது. தோட்டம் முழுக்கக் குழி. இது நார்மலா, இல்ல நம்ம குட்டிக்கு ஏதாவது கோளாறா?

நார்மல்தான். தெருநாய்களைக் கவனியுங்கள். வெயிலுக்குப் படுக்கவும், குட்டி போடவும், மிச்ச எலும்பை ஒளித்து வைக்கவும் அவற்றுக்கு மண்தான் கதி. உங்கள் குட்டியும் அந்தப் பரம்பரைதான்.

சில ஜாதிகளை இந்த வேலைக்கென்றே மனிதன் உருவாக்கியிருக்கிறான். டாக்ஸ்ஹுண்ட் ஜெர்மனியில் பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்குள் புகுந்து விரட்ட வளர்க்கப்பட்டது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் இங்கிலாந்தில் நரி வளைக்குள் விடப்பட்டது. அதை வாங்கிவந்து, புல்தரையைத் தொடக்கூடாது என்றால் அது என்ன செய்யும்?

சரி, ஆனா ஏன் தோண்டுது? ஒரே காரணமா சொல்லுங்களேன்.

ஒரே காரணம் இல்லை. வெக்கை, பொழுது போகாமை, மண்ணுக்குள் இருக்கும் எலி, உரத்தின் வாசனை, வெளியே ஓடும் ஆசை, பயம், வயிற்றில் குட்டி என்று பல உண்டு. ஒரு காரணத்துக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. "எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன், கேக்கவே மாட்டேங்குது" என்பவர்களில் பலர் காரணத்தைப் பார்க்காமல் வைத்தியத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்.

அதனால் யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டே விஷயம்தான்: எங்கே தோண்டுகிறது, எப்போது தோண்டுகிறது? ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மத்தியானம், மரத்தடியில், படுக்கும் அளவுக்குக் குழி என்றால் வெக்கை. சுவரோரமாக நீளமான கோடு என்றால் எலியோ பெருச்சாளியோ. புதிதாக வைத்த செடியின் அடியில் மட்டும் என்றால் உரம். கேட்டுக்குக் கீழே என்றால் வெளியே போக வழி. நீங்கள் வீட்டில் இல்லாதபோது வாசற்கதவை மட்டும் என்றால் அது வேறு கதை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மாசி பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும்தான் இந்தத் தொல்லை. மழைக்காலத்துல தோண்டுறதே இல்ல. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம். நமக்கு வேர்ப்பது போல நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, கீழே இருக்கும் ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், வாழை அடியில் குழி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நல்ல நிழல், இரண்டு இடத்தில் தண்ணீர், படுக்க நனைத்த சாக்கு, முடிந்தால் பகலில் வீட்டுக்குள் அனுமதி. இவ்வளவு செய்தாலே பாதிக் குழிகள் நின்றுவிடும். தகர ஷீட் போட்ட கூண்டு நிழலே இல்லை, அடுப்பு. அக்னி நட்சத்திரத்தில் உள்ளே கையை நீட்டிப் பாருங்கள், தெரியும். சென்னையில் ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கும் இதேதான் பதில். பனிப் பிரதேசத்து ரோமத்தோடு அது வேறென்ன செய்யும்?

வாசல்ல நாய் குழி பறிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. அதனாலயே நாயை வேண்டாங்கறாங்க.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். வாசலை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோம். வீட்டிலேயே ஈரமாக, மெத்தென்று இருக்கும் மண் அதுதான். வெயில் ஏறியதும் நாய் அங்கே போகிறது, அவ்வளவுதான்.

பின்பக்கம் ஒரு நிழலான மூலையில் காலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாசலைக் கொஞ்ச நாளைக்கு ஒரு பலகையால் மறைத்து வையுங்கள். குழி இடம் மாறிவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

பகல் முழுக்கக் கட்டித்தான் வெச்சிருக்கோம். அப்பவும் சங்கிலி எட்டுற தூரம் வரைக்கும் வட்டமா குழி. கட்டி வெச்சும் அடங்கலையே?

கட்டி வைத்ததால்தான் தோண்டுகிறது. மூன்றடி வட்டத்துக்குள் நாள் முழுக்க இருக்கும் நாய்க்கு மண்ணைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. தோண்டும், சங்கிலியைக் கடிக்கும், போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும்.

இது சட்டப் பிரச்சினையும்கூட. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு: மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பது குற்றம், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி, இருட்டிய பின் அரை மணி நடத்திக் கூட்டிப் போங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது சூடு. நடக்கும்போது இழுத்துக்கொண்டே ஓடாதீர்கள், ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்க விடுங்கள். சும்மா ஓடவிடுவதைவிட மோப்பம் பிடிக்க விட்டால் சீக்கிரம் களைத்துப் படுக்கும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அரை மணி கணக்கு போதாது. வேட்டைக்கு ஓடிய ஜாதிகள் அவை. நாலு பக்கமும் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓட வைக்க வழி வேண்டும்.

நாலு மாசக் குட்டி. செருப்பு, சார்ஜர் வயர், நாற்காலி கால், ஒண்ணு விடல. எப்ப நிறுத்தும்?

பல் மாறும் பருவம். குட்டிக்கு 28 பால்பற்கள். நாலு மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அந்த நேரத்தில் ஈறு அரிக்கும். எதையாவது கடித்தால்தான் சுகம். பல் வந்த பிறகும் ஒன்றரை வயது வரை கொஞ்சம் இழுக்கும். அது வாலிபத் திமிர்.

பழைய காட்டன் துண்டை நனைத்து, முறுக்கி, பிரீசரில் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. பெரிய கேரட்டையும் குளிர வைத்துத் தரலாம். செருப்பு ரேக் கதவுள்ளதாக இருக்கட்டும். வயர்களைச் சுவரோடு கிளிப் அடித்துவிடுங்கள் அல்லது பிவிசி குழாய்க்குள் விடுங்கள். அதில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம், மின்சாரம். கடிக்கக் கூடாததைக் கடித்துக்கொண்டிருந்தால் துரத்தாதீர்கள், அது விளையாட்டாகிவிடும். வேறொன்றை நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கிழிஞ்ச பழைய செருப்பைக் கொடுத்துட்டா புதுசைத் தொடாதுல்ல? எலும்பு, மாங்கொட்டை எல்லாம் கொடுக்கலாமா?

பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் உங்கள் கால் வாசனை. ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

சமைத்த எலும்பு வேண்டாம், முக்கியமாகக் கோழி எலும்பு; கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையை முழுசாக விழுங்கி, குடல் அடைத்து, ஆபரேஷன் வரை போன நாய்கள் உண்டு. சீசனில் குப்பைக் கூடையை மூடி வையுங்கள். சோளக்கட்டையும் அப்படித்தான். தேங்காய் மட்டையைப் பலர் கொடுக்கிறார்கள். உரித்துப் போடும் நாய்க்குப் பரவாயில்லை, நாரை விழுங்கும் நாய்க்குக் கூடாது.

தோண்டின இடத்துல மிளகாய்ப் பொடி தூவச் சொன்னாங்க. வேலை செய்யுமா?

செய்யாதீர்கள். மூக்கில், கண்ணில், பாதத்தில் எரியும். பாதத்தை நக்கும், அந்தப் பாதத்தாலேயே கண்ணைத் தேய்க்கும். எரிச்சலில் துடித்துவிட்டு, பத்தடி தள்ளி வேறு குழி பறிக்கும். குழியில் அதன் மலத்தையே போட்டு மூடும் யோசனையும் இப்படித்தான்: சில நாய்கள் அந்தக் குழியை விட்டுவிடும், தோண்டுவதை விடாது. ஷாக் கொடுக்கும் காலர் பற்றிப் பேசவே வேண்டாம்.

தடுக்கத்தான் வேண்டும் என்றால் கோழி வலைக் கம்பியை மண்ணுக்கு அடியில் விரித்து, ஓரக் கம்பிகளை உள்பக்கம் மடக்கி, மேலே மண் போடுங்கள். நகத்தில் கம்பி தட்டியதும் சுவாரசியம் போய்விடும். செடி கம்பிக் கண் வழியாக வளரும்.

அடிச்சாத்தான் திருந்தும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். தப்பு பண்ணது அதுக்கே தெரியுது சார், நான் வந்ததும் காதை மடக்கிட்டு மூலையில போய் ஒட்டிக்குது.

அது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை, உரிமையாளருக்குச் சில சமயம் மாற்றிச் சொன்னார். அந்த "தப்பு பண்ணிட்டேன்" முகம், நாய் தின்றதால் வரவில்லை. திட்டு விழுந்ததால் வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களும் அப்படித்தான் விழித்தன.

மத்தியானம் பறித்த குழிக்கு ஆறு மணிக்கு அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வந்ததற்கு அடி என்றுதான் அது கணக்குப் போடும். தோண்டும்போதே பார்த்தீர்கள் என்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஏதாவது கொடுத்து, தோண்டலாம் என்று விட்ட இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அதைப் பற்றித்தான் அடுத்த பதில்.

தோண்டறதுக்குன்னே ஒரு இடம் ஒதுக்கணும்னு சொல்றீங்களே, அதை எப்படிச் செய்யறது?

நடுத்தர நாய்க்கு ஆறுக்கு நாலடி இடம், ஒன்றரை அடி ஆழம். சுற்றி ஒரு வரிசை செங்கல். நிழலில் இருக்கட்டும், நாய் ஏற்கெனவே தோண்டும் இடத்தையே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆற்று மணல் விற்கும் விலைக்கு அது வேண்டாம். எம்சாண்டும் சரிப்படாது, கூரானது, தூசி வேறு. சலித்த செம்மண் போதும்.

முதல் சில நாள் பிஸ்கெட்டையோ பொம்மையையோ பாதி வெளியே தெரிகிற மாதிரி புதையுங்கள். நாய் பார்க்கும்போதே புதையுங்கள். எடுத்ததும் "சபாஷ்" சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டுங்கள். இங்கே கிடைக்கும், மற்ற இடத்தில் கிடைக்காது என்பதை நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கோடையில் காலையில் தண்ணீர் தெளியுங்கள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் தெருப் பூனைகளெல்லாம் அங்கேதான் வரும்.

புதுசா வெச்ச ரோஜாச்செடியை மட்டும் பிடுங்கிப் போடுது. மத்த செடியைத் தொடறதே இல்ல. அப்படி என்ன கோபம்?

என்ன உரம் போட்டீர்கள்? எலும்புத்தூள், மீன் அமிலம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, இவையெல்லாம் நாய் மூக்குக்கு விருந்து. கறிக்கடை வாசனை மண்ணுக்குள்ளிருந்து வந்தால் எந்த நாயும் தோண்டும்.

இதில் ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆமணக்குப் புண்ணாக்கு நாய் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. அதில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கும், நாய்க்கு அதன் வாசனையும் பிடிக்கும். மாற்று மருந்து கிடையாது. இயற்கை உரம்தானே என்று வாங்கிப் போட்டு நாயைப் பறிகொடுக்கிறார்கள். கலப்புப் புண்ணாக்கு வாங்கும்போது என்னென்ன கலந்தது என்று கடையில் கேளுங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி, ரத்தபேதி வரும்வரை காத்திருக்காமல் உரப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். தொழு உரமும் மண்புழு உரமும் இந்த அளவுக்கு நாயை இழுக்காது. அதுவும் கொஞ்ச நாளைக்குச் செடியைச் சுற்றிக் கல் அடுக்குங்கள்.

காம்பவுண்டு சுவர் ஓரமா ராத்திரியெல்லாம் பறிக்குது. அஸ்திவாரமே தெரியுது. நாங்க தூங்கி ஒரு வாரம் ஆச்சு.

பெருச்சாளி. நாய் உங்களுக்குச் சேதி சொல்கிறது. பகலில் போய்ப் பாருங்கள், வளை வாயும் புதுமண் குவியலும் இருக்கும். நாயை அடக்குவதை விட்டுவிட்டுப் பெருச்சாளியைக் கவனியுங்கள்: குப்பையை மூடுவது, கோழித் தீவனத்தையும் நாய்ச் சோற்றையும் இரவில் வெளியே வைக்காமலிருப்பது, பொறி வைப்பது, வளையைச் சரளைக்கல்லும் சிமெண்டும் போட்டு அடைப்பது.

எலி மருந்து வைக்காதீர்கள். மருந்தையே நாய் தின்னலாம், மருந்து தின்ற எலியையும் தின்னலாம். சில எலி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, மூன்று நாலு நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும். வைட்டமின் கே மருந்தால் காப்பாற்றலாம், சீக்கிரம் போனால். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் வரும். ஆண்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்து வீடு, தோப்பு வீடு என்றால் வளைக்குள் பாம்பும் இருக்கலாம். முகம் வீங்கித் தள்ளாடினால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுவார்கள். நேரே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

தோண்டறது மட்டுமில்ல, மண்ணைத் தின்னவும் செய்யுது.

இது தோண்டும் பிரச்சினை இல்லை, உடம்புப் பிரச்சினையாக இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தசோகை. நம் ஊரில் அதற்குக் கொக்கிப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் முக்கியக் காரணங்கள். மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் முதலில். வெறும் பால்சோறு தின்று வளரும் குட்டிகளிடமும் இதைப் பார்க்கிறேன்; முட்டை, கறி, தரமான தீவனம் என்று சாப்பாட்டை மாற்றுங்கள்.

கேட்டுக்குக் கீழ தோண்டி வெளிய போயிடுது. எத்தனை தடவை அடைச்சாலும் பக்கத்துலயே புதுசா ஒரு வழி.

கருத்தடை செய்யாத ஆண் நாயா? தெருவில் எங்காவது ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்திருந்தால் அதை நிறுத்தச் சிமெண்டாலும் முடியாது. கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது பல நாய்களுக்குக் குறையும். பெண் நாய் என்றால் இன்னும் அவசரம். இரண்டு மாதத்தில் வீட்டில் ஆறு குட்டி.

கேட்டுக்குக் கீழே உடைந்த கடப்பா கல்லை இரண்டடி அகலத்துக்குப் பதியுங்கள். கல் கடையில் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். சுவரோரம் கோழி வலையை எல் வடிவில், அடிப்பாகம் உள்பக்கம் நீளும்படி புதையுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த வில்லை இருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறக்கூடாது. வீட்டில் சும்மா இருக்கும் நேரம் அதிகமென்றால் சங்கிலி பற்றிய பதிலில் சொன்ன நடைதான் இதற்கும்.

நாங்க வேலைக்குக் கிளம்பினா மட்டும் வாசக்கதவைப் பிறாண்டி, ஜன்னல் கட்டையைக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு. நாங்க இருக்கறப்ப தங்கமான நாய்.

இரண்டாவது பதிலில் வேறு கதை என்றேனே, அது இதுதான். இது பொழுதுபோகாத சேட்டை இல்லை, தனிமைப் பயம். பழைய போனில் கேமராவை ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். நீங்கள் போன முதல் அரை மணிக்குள், வெளியேறும் வழிகளையே குறிவைத்து, எச்சில் ஒழுக, ஊளையிட்டுக்கொண்டு, மூத்திரம் போய்விட்டு என்றால் பயம். ஒரு மணி தூங்கிவிட்டு, எழுந்து சோம்பல் முறித்து, சாவகாசமாகத் தலையணையைக் கிழித்தால் சலிப்பு.

சலிப்புக்கு வேலை கொடுத்தால் போதும். தீவனத்தைக் கிண்ணத்தில் போடாமல் பழைய துண்டில் சுருட்டிக் கொடுங்கள், தரையில் தூவி மோந்து பொறுக்க விடுங்கள், உப்பும் வெங்காயமும் போடாத கோழிச்சாற்றைச் சின்ன டப்பாவில் ஐஸாக்கிக் கொடுங்கள்.

பயத்துக்கு அது போதாது. சாவியை எடுங்கள், போகாமல் உட்காருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். வெளியே பத்து விநாடி, அப்புறம் அரை நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம். அது பதறும் முன்பே திரும்பி வரவேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். பழகும்வரை முழுநாள் தனியாக விடாமல், பாட்டி வீடோ தெரிந்தவரோ பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கூண்டில் பூட்டினால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். ரத்தம் வரும் அளவுக்குப் போயிருப்பதால் மருத்துவரிடம் வீடியோவைக் காட்டுங்கள்; இதற்கு மருந்துகள் இருக்கின்றன, பழக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தீபாவளி வெடிக்கும் ஐப்பசி இடிக்கும் கதவைப் பிறாண்டும் நாய்க்கும் மருத்துவரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கிட்டா சரியாயிடுமா?

பெரும்பாலும் குழிதான் இரண்டாகும். தனிமைப் பயம் உள்ள நாய் தேடுவது உங்களை.

பொம்பளை நாய். ரெண்டு மூணு நாளா கட்டிலுக்கு அடியில போய்ப் பிறாண்டுது, துணியெல்லாம் இழுத்துட்டுப் போகுது. சாப்பிடவும் மாட்டேங்குது.

பிரசவத்துக்கு இடம் தயார் செய்கிறது. சினைக்காலம் சுமார் 63 நாள், கணக்குப் பாருங்கள். பெரிய அட்டைப் பெட்டியில் பழைய சேலை விரித்து, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். இணையே சேராத நாயும் பருவம் முடிந்து ஒன்றரை இரண்டு மாதத்தில் இதேபோல் செய்யும், பாலும் சுரக்கும், பொய்ச்சினை என்பார்கள். தானாக அடங்கிவிடும், அடங்காவிட்டால் மருத்துவர்.

ஒன்பது வயசு. இத்தனை வருஷம் ஒரு குழி பறிச்சதில்ல. இப்ப ராத்திரி எழுந்து தரையைப் பிறாண்டிட்டே இருக்கு.

வயதான நாயிடம் திடீரென்று வரும் எந்தப் பழக்கத்தையும் சேட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுவலியில் படுக்கை சரிப்படாமல் பிறாண்டலாம். வயோதிகத்தில் மூளை மங்கி, இரவு பகல் குழம்பியிருக்கலாம். சுவரையே பார்த்து நிற்பது, வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் முழிப்பது இதனோடு வரும். மொசைக் தரையில் கால் வழுக்காமல் ரப்பர் பாய், தடித்த மெத்தை, இரவில் ஒரு சின்ன விளக்கு. மற்றதைப் பரிசோதனை சொல்லும்.

எல்லாம் செஞ்சாச்சு. வாடகை வீடு, ஓனர் காலி பண்ணச் சொல்றார். யாராவது பண்ணை வீட்டுக்குக் கொடுத்துட்டா நல்லா ஓடி விளையாடும்ல?

"எல்லாம்" என்பதில் எங்கே, எப்போது என்ற குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வாரம் தவணை கேளுங்கள். பறித்த குழியை மூடி, கதவுக்குப் பாலிஷ் அடித்துக் கொடுத்து, இனி ஆகும் சேதத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் இறங்கிவரும் ஓனர்கள் உண்டு.

பண்ணை வீடு என்றதும் பச்சைப் புல்லில் ஓடும் நாய்தான் நம் மனதில் வருகிறது. நான் போய்ப் பார்த்த தோப்புகளில் பாதிக்கு மேல், மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு முளைக்கம்பு, அதில் நாய். சங்கிலி பற்றிய கேள்வியில் சொன்ன அதே வட்டக்குழி. கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் நேரில் போய், இரவில் எங்கே படுக்கும், யார் சோறு வைப்பார்கள் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பட்டினி கிடக்கும்படி எங்காவது இறக்கிவிட்டு வருவது மேலே சொன்ன அதே 11ஆம் பிரிவில் குற்றம். தடுப்பூசி அட்டையோடு, எதைக் கடிக்கும், எங்கே தோண்டும், எது கொடுத்தால் அடங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் உங்கள் கேட்டுக்கே திரும்பி வரும், இல்லாவிட்டால் தெருவுக்குப் போகும்.